ஷெல் ஆணைத்தொடரும் தமிழாய்வும்

கணினியைப் படக்குறிகளால் இயக்காது, ஆணைச் சொற்களை எழுதியே ஏவும் முறை ஒன்று உண்டு. அவ்வாணைகளைப் பெற்று இயக்கமுறைமைக்கு உணர்த்தும் நிரல் ஷெல் எனப்படும். பல ஆணைகளை ஒரு கோப்பில் நிரல்பட எழுதிவைப்பின் அது ஷெல் ஸ்கிரிப்ட் ஆகும். அதனை ஈண்டு ஆணைத்தொடர் என வழங்குவோம். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் இயக்கமுறைமையில் இம்முறை வளர்ந்தது. ஓர் ஆணையின் விடையை அடுத்த ஆணைக்கு நேரே செலுத்தும் ‘குழாய்’ என்னும் அமைப்பு, டக் மக்கில்ராய் என்பாரின் கருத்துப்படி 1973இல் அதன்கண் சேர்க்கப்பட்டது. இன்று லினக்ஸ் கணினிகளிற் பெருவழக்காக உள்ள பாஷ் என்னும் ஷெல் 1989இல் வெளிவந்தது.

தமிழாய்வாளர்க்கு இதனால் விளையும் பயன் யாது? கல்வெட்டுக் காலக்கணிப்பு, சொல்லடைவு, ஏட்டுச்சுவடிப் படங்களின் மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே வேலையைப் பன்முறை செய்ய வேண்டுவன. அவற்றை ஆணைத்தொடரிடம் ஒப்படைத்தல் எளிது. ஆயினும் ஆணை தடையின்றி நடைபெறுதல் வேறு. விடை மெய்யாதல் வேறு. இவ்வேறுபாட்டை உணராதார்க்கு நேரக்கூடிய பிழைகளை எடுத்துக்காட்டி விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நாட்கணக்கு

யூனிக்ஸ் மரபில் காலம் என்பது 1970 சனவரி 1 நள்ளிரவு முதல் எண்ணப்படும் நொடிகளின் தொகையாகும். அந்நள்ளிரவு உலகப் பொதுநேரத்தைச் சார்ந்தது. டேட் என்னும் ஆணையால் இரு தேதிகளையும் நொடிகளாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒரு நாளின் நொடிகளாகிய 86,400ஆல் வகுத்தால் இடைப்பட்ட நாட்கள் கிடைக்கும். நாட்களைக் கூட்டுதலிலும் கழித்தலிலும் ஐயமில்லை. திங்களைக் கூட்டும்போதுதான் விழிப்பு வேண்டும். 2024 சனவரி 31உடன் ஒரு திங்களைக் கூட்டுக எனின், குனு டேட் ஆணை மார்ச் 2 என விடை தரும். பிப்ரவரி 31 என ஒரு நாள் இல்லாமையால், 29 நாட்களுக்கு மேற்பட்ட இரண்டும் அடுத்த திங்களில் ஏறிவிடுகின்றன.

கல்வெட்டாய்வாளர்க்கு இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இன்று வழங்கும் கிரிகோரியன் முறை 1582இல் தோன்றியது. அதற்கு முற்பட்ட தேதிகளை ஜூலியன் முறையிற் குறிப்பதே வரலாற்றாசிரியர் மரபு. டேட் ஆணையோ, கிரிகோரியன் முறையையே எல்லாக் காலத்துக்கும் பின்னோக்கிச் செலுத்திக் கணக்கிடுகின்றது. 1050 சனவரி 1 என்ன கிழமை என வினவின் அது செவ்வாய் என்னும். ஜூலியன் முறைப்படி அந்நாள் திங்கட்கிழமையாகும். பதினோராம் நூற்றாண்டில் இவ்விரு முறைகட்கும் உள்ள வேறுபாடு ஆறு நாட்கள். இனி, அதே கணினியிலுள்ள கால் என்னும் நாட்காட்டி ஆணையை நோக்குவோம். அது 1752 செப்டம்பர் 2க்குப் பின் 14ஆம் தேதியை வைத்து, அதற்கு முற்பட்டவற்றை ஜூலியனாகக் கொள்ளும் வழக்கினது. ஆதலின் 1050 சனவரி 1ஐத் திங்கள் என்றே காட்டும்.

சோழர் கல்வெட்டுக்கள் பலவற்றில் ஆட்சியாண்டுடன் கிழமையும் நாண்மீனும் குறிக்கப்பெறும். அறிஞர் கணித்த ஜூலியன் தேதியை டேட் ஆணையிற் செலுத்தி, கிழமை பொருந்தவில்லை எனக் கண்டு, கல்வெட்டே பிழையுடையது என ஒருவர் முடிவு கட்டிவிடுதல் கூடும். பிழை கல்லில் இல்லை. கணக்கின் முறையில் உள்ளது. ஆதலின் பழந்தேதிகளை முதலில் ஜூலியன் நாளெண்ணாக மாற்றிக்கொண்டு கணித்தலே தக்கது.

2. சொல்லடைவு

ஒரு நூலின் சொற்களை வரிக்கொன்றாகப் பிரித்து, சார்ட் ஆணையால் வரிசைப்படுத்தி, யூனிக் ஆணையால் எண்ணி, மீண்டும் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் சொல்வழக்கு அட்டவணை கிடைத்துவிடும். யூனிக் ஆணை அடுத்தடுத்து வரும் ஒத்த வரிகளையே ஒன்றாக்குமாதலின், முதல் வரிசைப்படுத்தல் இன்றியமையாதது.

தமிழுக்கு உரிய சிக்கல்கள் மூன்று. முதலாவது எழுத்தெண்ணிக்கை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடாகும். யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட்டாகும். எண்ணும் ஆணை எதனை எண்ணுகின்றது என அறியாது, அதன் விடையை யாப்பாய்வுக்குக் கொள்ளலாகாது. குனு டிஆர் ஆணை பைட்டுகளையே தனித்தனி எழுத்தாகக் கருதும். அதனால் வளைந்த மேற்கோட்குறியை நீக்க முற்படின், அக்குறியின் பைட்டுகள் ஜகரத்திலும் ஈகாரக்குறியிலும் இருத்தலின் அவையும் சிதையும். இதற்குச் செட் ஆணையே ஏற்றது.

இரண்டாவது அகரவரிசை. யூனிகோடு எண்முறையில் னகரம் பகரத்துக்கு முன்னும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டதாதலின் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னர் வரும். மொழிச்சூழலைத் தமிழுக்கு அமைக்காது வரிசைப்படுத்திய அடைவு நம் நெடுங்கணக்கோடு பொருந்தாது. அமைத்த பின்னரும், பதினெட்டு மெய்களைக் கொண்ட சிறு பட்டியலால் ஒருமுறை சோதித்தறிதல் நன்று.

மூன்றாவது ஒரே எழுத்தின் இரு வடிவம். ‘கொ’ என்பதில் ஒகரக்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். எகரக்குறியும் காற்குறியும் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் கிரெப் ஆணைக்கு இரண்டும் வேறு. ‘இச்சொல் இந்நூலில் இல்லை’ என்று கூறுமுன், மூலக்கோப்பு முழுதையும் யூனிகோடு வகுத்த சேர்ந்த வடிவத்துக்கு ஒருமைப்படுத்தல் வேண்டும்.

3. சுவடிப்படங்கள்

இதனைச் சுருங்கக் கூறுவோம். இமேஜ்மேஜிக் என்னும் கருவித்தொகுதியின் ஆணையை ஒரு சுழற்சிக்குள் அமைத்தால், நூற்றுக்கணக்கான டிஃப் படங்களை ஜேபெக் ஆக்கலாம். டிஃப் படம் இழப்பின்றிச் சேமிக்க வல்லது. ஜேபெக் நுண்கோடுகளைச் சிதைத்துச் சுருக்குவது. ஓலையில் புள்ளியோ கீறலோ என ஐயுறும் இடத்தில் இச்சிதைவு பாடத்தையே மாற்றிவிடும். அத்தொகுதியின் மோகிரிஃபை ஆணையாற் படத்தின் அளவைச் சுருக்கின், அது மூலப்படத்தின்மீதே எழுதிவிடும். ஆதலின் மூலத்தைத் தனி அடைவில் எழுதவொண்ணாதபடி காத்து, படியின்மீதே பணி செய்தல் வேண்டும். கோப்பின் பெயரில் இடைவெளி இருப்பின், ஆணைத்தொடரில் அப்பெயரைத் தாங்கும் மாறியை மேற்கோட்குறிக்குள் இடுக. இன்றேல் ஒரு பெயர் இரண்டாகப் பிரியும்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், இப்பிழைகளுட் பெரும்பாலனவற்றைக் கணினி அறிவிப்பதில்லை என்பதாம். ஆறு நாட் பிழையும், வழுவான அகரவரிசையும், அழிந்த மூலப்படமும் ஓர் எச்சரிக்கையுமின்றி நம் கையை அடைகின்றன. ஆயினும் ஆணைத்தொடருக்கு ஒரு சிறப்புண்டு: செய்த முறை அனைத்தும் எழுத்திலேயே நிற்கும். ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அதனைச் சேர்ப்பின், பின்வருவோர் நம் முடிவை மீளவும் செய்து பார்த்துப் பிழையிருப்பின் திருத்துவர். மூலபாட ஆய்வில் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டும் நம் மரபுக்கு இது முற்றும் இயைந்ததே.