பார்வை போன பிறகும் ஒரு சுவர்!

முகப்பேரில் காலிச் சுவர் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்ற எழுத்தின் மேலேயே டியூஷன் நோட்டீஸ் சிரிக்கும். நமக்குச் சுவர் என்றால் அவ்வளவுதான்!

மெக்சிகோக்காரர்களுக்கு அப்படி இல்லை. புரட்சி முடிந்து 1920-களில் அரசாங்கமே பொதுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தது. ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் என்று மூன்று ஜாம்பவான்கள். எழுத்து தெரியாத விவசாயியும் தன் சரித்திரத்தை அண்ணாந்து பார்க்கலாம். இதே ரிவேரா நியூயார்க்கில், கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டடத்திலேயே லெனினை வரைந்தார். விடுவார்களா? 1934-ல் ஓவியத்தைப் பெயர்த்தே எறிந்துவிட்டார்கள்!

நம்ம நாட்டில் அப்படிச் சுவரை நம்பிய ஒருவர், சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, 1946-47-ல் அங்குள்ள ஹிந்தி பவனின் மூன்று சுவர்களில் கபீர், சூர்தாஸ், துளசிதாசர் என்று பக்தி மகான்களின் வாழ்க்கையை வரைந்தார். ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். அது அப்படியே சுவரோடு இறுகிவிடும். நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி 'அன்டூ' எல்லாம் கிடையாது சார்! முழு அளவு மாதிரிப் படம்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. கூட நின்று உதவிய மாணவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன கே.ஜி.சுப்ரமணியன்.

ஐம்பது வயதைத் தாண்டியபோது, கண் ஆபரேஷனுக்குப் பிறகு இருந்த பார்வையும் போயிற்று.

இவரைப் பற்றி 1972-ல் ஒரு டாக்குமென்டரி வந்தது. பெயர், 'தி இன்னர் ஐ'. எடுத்தவர், அவரிடமே ஓவியம் படித்த சத்யஜித் ரே. சுமார் இருபது நிமிஷம்தான்.

"டாக்குமென்டரியா? ஆளை விடுடா" என்று பாயை விரித்த என் ரூம் நண்பன், எழுந்து உட்கார்ந்து பார்த்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் காகிதத்தை மடிக்கிறார். விரல்களால் தடவித் தடவி உருவம் பிடிக்கிறார். அந்த உருவங்கள் ஓடுகளாகச் சுவரில் ஏறுகின்றன. ஆம், பார்வை போன பிறகு இன்னொரு சுவர்!

ரே எங்கேயும் நம்மை 'உச்' கொட்ட வைக்கவில்லை. பார்வையின்மையும் ஒரு புது அனுபவம்தான் என்கிறார் ஓவியர். பின்னணியில் நிகில் பானர்ஜியின் சிதார்.

படம் முடிந்ததும் நண்பன் கேட்டான்: "ஏன்டா, அந்தச் சுவர் முடிஞ்சப்போ அவர் எப்படிப் பார்த்திருப்பார்?"

"கையாலதான்!" என்றேன்.