பழைய இராணுவத் துப்பாக்கிகளில் தலையிடைவெளியும் பிரைமர் கோளாறுகளும்

தலையிடைவெளி என்பது, போல்ட்டின் முகப்புக்கும், தோட்டாவை மேலும் முன்னே நகரவிடாமல் தடுக்கும் அறைப் பகுதிக்கும் இடையிலான தூரம் ஆகும். ஆங்கில வழக்கில் இது ஹெட்ஸ்பேஸ் எனப்படுகிறது. இராணுவங்கள் கழித்துவிட்ட பழைய ரைஃபிள்களில் இந்த இடைவெளி தேய்மானத்தாலும், போல்ட் மாறிப்போவதாலும் கூடிவிடுவதுண்டு. சுட்ட தோட்டாவின் பிரைமரைப் பார்த்தே பலர் கோளாறை முடிவு செய்கின்றனர். ஆனால் ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு என்பதால், அளந்து பார்க்காமல் முடிவுக்கு வருவது ஆபத்தானது. பிரித்தானியப் பேரரசின் படைகள் பயன்படுத்திய லீ-என்ஃபீல்டு ரைஃபிள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

தோட்டா எங்கே தடுக்கப்படுகிறது

லீ-என்ஃபீல்டின் .303 தோட்டாவுக்கு அடியில் புடைத்த விளிம்பு உண்டு. அவ்விளிம்பு குழலின் பின்முகத்தில் மோதி நிற்பதால், தலையிடைவெளி அங்கிருந்தே அளக்கப்படுகிறது. உருசியாவின் மொசின்-நகான்ட் ரைஃபிளிலும் இதே முறைதான். செருமானிய மவுசரின் தோட்டாவுக்குப் புடைத்த விளிம்பு இல்லை. அதை அதன் தோள்பகுதி தடுக்கிறது.

சுடும்போது நடப்பது

சுடும் ஊசி பிரைமரை அடிக்கும்போது தோட்டா முழுவதும் முன்னே தள்ளப்படுகிறது. பிரைமர் வெடித்ததும் அது தன் குழியிலிருந்து பின்னோக்கி வெளிவந்து போல்ட்டில் முட்டுகிறது. அடுத்து வெடிமருந்தின் அழுத்தம் உயர, மெல்லிய பித்தளைச் சுவர் அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி மட்டும் பின்னே இழுபட்டு போல்ட்டை அடைகிறது, வெளிவந்த பிரைமரும் மீண்டும் குழிக்குள் அமுக்கப்படுகிறது. இடைவெளி மிகுதியாக இருந்தால் பித்தளை அதிகம் இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்து, இறுதியில் இரண்டாக அறுந்துவிடும். அப்போது சூடான வாயு பின்புறமாகக் கசிந்து சுடுபவரின் கண்ணையும் முகத்தையும் தாக்கக்கூடும்.

அறிகுறிகளைப் படித்தல்

வெளியே துருத்திய பிரைமர்: மருந்து குறைவாக நிரப்பிய தோட்டாக்களில் அடிப்பகுதி பின்னே வருமளவு அழுத்தம் இருக்காது. எனவே சரியான துப்பாக்கியிலும் பிரைமர் துருத்தி நிற்கலாம்.

தட்டையான பிரைமர்: இது மிகை அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். வெளிவந்த பிரைமர் மீண்டும் அமுக்கப்பட்டதாலும் இவ்வாறு ஆகலாம்.

துளைபட்ட பிரைமர்: ஊசி முனை அரித்துக் கூராகியிருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி நீண்டிருக்கலாம்.

வெடிக்காத தோட்டா: போல்ட்டுக்குள் உறைந்த பழைய கிரீஸ், தளர்ந்த சுருள்வில், குட்டையான ஊசி, கெட்டுப்போன பிரைமர் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பும் இருப்பதால், போல்ட்டைத் திறக்குமுன் குழலை இலக்குத் திசையிலேயே வைத்து 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும்.

அடிக்கு மேலே பளபளப்பான வளையம்: பித்தளை இழுபட்டதற்கு இதுவே நம்பத்தக்க சான்று. முனை வளைத்த கம்பியைக் கூட்டினுள் விட்டு வருடினால் உட்பள்ளம் தட்டுப்படும்.

அளந்து பார்த்தல்

கேஜ் எனப்படும் எஃகு அளவுக் கட்டைகளே இறுதி முடிவைத் தருகின்றன. பிரித்தானிய இராணுவ வரையறைப்படி .303 ரைஃபிளின் போல்ட் 0.064 அங்குலக் கட்டையின் மீது மூடவேண்டும், 0.074 அங்குலக் கட்டையின் மீது மூடக்கூடாது. இவை சுமார் 1.63, 1.88 மில்லிமீட்டருக்குச் சமம். அளக்குமுன் அறையைத் துடைத்து, சுடும் ஊசியையும் அதன் சுருள்வில்லையும் கழற்ற வேண்டும். லீ-என்ஃபீல்டில் போல்ட்டை மூடும்போதே சுருள்வில் இறுகுவதால், அவற்றைக் கழற்றாவிட்டால் விரலுக்குச் சரியான உணர்வு கிடைக்காது. போல்ட்டை விரலால் மென்மையாகவே மூடவேண்டும். உண்மையான தோட்டாவை வைத்துச் சோதிப்பது கூடாது.

திருத்தம்

முதலில் போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றா எனப் பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் போல்ட் வேறு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம். நான்காம் எண் லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகக் கழலும். அத்தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்டு, எண் கூடக் கூட நீளமானவையாகச் செய்யப்பட்டன. நீளமான தலையைப் பொருத்தி இடைவெளியைக் குறைப்பது படைக் கம்மியர்களின் வழக்கம். எனினும் எண்ணை மட்டும் நம்பாமல், பொருத்திய பின் மீண்டும் அளக்க வேண்டும்.

அளவில் தேறிய லீ-என்ஃபீல்டிலும் தோட்டா அறுந்துபோகலாம். போர்க்களச் சேற்றிலும் தோட்டா தடையின்றி நுழைவதற்காக அதன் அறை தோள்பகுதியில் தாராளமாக அமைக்கப்பட்டது. சுட்ட கூட்டை ஒவ்வொரு முறையும் பழைய அளவுக்கு முழுதாகச் சுருக்கி மறுபடி நிரப்பினால், பித்தளை திரும்பத் திரும்ப இழுபட்டு மெலிகிறது. அங்கே கோளாறு துப்பாக்கியில் இல்லை, தோட்டாவைத் தயாரிக்கும் முறையில் இருக்கிறது. பிரைமர், பித்தளைக் கூடு, அளவுக் கட்டை ஆகிய மூன்றும் சொல்வதை ஒப்பிட்டுப் பார்த்து, தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டிய பின்னரே இத்தகைய துப்பாக்கியைச் சுடவேண்டும்.