விலைக்கு வாராத மருந்து

பழத்தோட்டம் வைத்துப் பிழைக்கும் சிறு குடியானவனுக்கு மழையும் காற்றும் விலைவீழ்ச்சியும் பழகிய பகைவர்கள். அவற்றை அவன் தந்தையும் பாட்டனும் கண்டிருக்கிறார்கள். அவற்றுக்கு ஏற்றவாறு தன் ஜீவனத்தை அமைத்துக்கொள்ளவும் அவன் அறிவான். ஆனால் யாரும் அழையாமல் கடல் கடந்து வந்து, பெயரும் தெரியாத ஒரு பூச்சி அவன் தோட்டத்தில் குடியேறுமாயின் அவன் என் செய்வான்? கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடிப்பான். கடன் வாங்கியும் அடிப்பான். கடைசியில் மரத்தை வெட்டி நெருப்பிலிடுவான். இது கற்பனையன்று. 2008 முதல் 2010 வரையில் நமது கொங்கு நாட்டில் நடந்த செய்தி. அதுவும், அது முடிவுற்ற விதமும் ஜனங்களின் ஞாபகத்தில் போதிய அளவு நிலைபெறவில்லை என்பது நமது அபிப்பிராயம். ஆகையால் அதைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்ஸிகோவும் அதை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளும் ஆகும். அங்கே அதைப் பெரிய பயிர்ப்பகையாக யாரும் கருதியதில்லை. தாய்நாட்டில் சாதுவாயிருந்த அந்தப் பூச்சி 1990-களில் கரீபியன் தீவுகளுக்குள் புகுந்தது. 1998-இல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் காணப்பட்டது. பின்னர் பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம், பலாவ், ஹவாய்த் தீவுகளை அடைந்தது. 2008-இல் இலங்கையிலும், அதே வருஷத்தில் கோயம்புத்தூரிலும் அது இருப்பதாகப் பூச்சி நூல் வல்லார் கண்டறிந்தனர்.

பார்வைக்கு இப்பூச்சி அற்பமானது. இலையின் அடியிலும் காயின் காம்பருகிலும் யாரோ மாவைத் தூவிவிட்டதுபோல் வெள்ளையாகத் தோன்றும். பெண்பூச்சிக்கு இறகு இல்லை. அது பஞ்சு போன்ற ஒரு பையை உண்டாக்கி அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் காற்றிலும், ஆட்களின் துணியிலும், பழக்கூடையிலும் தொற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் தோட்டம் செல்லுகின்றன. அவை சாற்றை உறிஞ்சுவதால் இலை சுருண்டு மஞ்சளித்து உதிர்கிறது. காய் பருக்காமல் நின்றுவிடுகிறது. அவை கழிக்கும் இனிப்பான திரவத்தில் கரும்பூசணம் படர்ந்து, எஞ்சிய காயையும் சந்தைக்கு உதவாததாக்குகிறது. அந்தத் தித்திப்பை நாடி வரும் எறும்புகளோ பூச்சிக்குக் காவலாளிகளாகவே அமைந்துவிடுகின்றன.

நமது நாட்டில் பப்பாளி பெரும்பாலும் சிறு குடியானவனின் பயிர். பழத்தை விற்று ஜீவிப்பவர்களும் உண்டு. காயைக் கீறிப் பால் எடுத்து விற்பவர்களும் உண்டு. மாவுப்பூச்சி இரு திறத்தாரின் வயிற்றிலும் அடித்தது. அதனோடு நின்றதா? மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி என்று அறுபதுக்கு மேற்பட்ட செடிவகைகளில் அது ஏறிற்று. வேலியோரத்துப் பார்த்தீனியக் களையையும் அது விடவில்லை. ஆகவே ஒருவன் தன் மரங்களை எவ்வளவு சுத்தம் செய்தபோதிலும், அடுத்த வாரமே வேலியிலிருந்து மறுபடியும் வந்து சேர்ந்தது. எல்லாரினும் பரிதாபமான நிலை மல்பெரி பயிரிட்டவர்களுடையது. மல்பெரி இலையைத் தின்பது பட்டுப்புழு. இலையில் விஷத்தைத் தெளித்தால் மாவுப்பூச்சிக்கு முன்னே பட்டுப்புழு மடியும். தெளிக்காவிட்டால் புழுவுக்கு இலையே மிஞ்சாது. இரண்டில் எதைச் செய்தாலும் நஷ்டமே.

மருந்து தெளித்த மற்றவர்களுக்கு மட்டும் என்ன லாபம் கிடைத்தது? பூச்சியின் உடல்மேல் மெழுகு கலந்த மாவு மூடியிருக்கிறது. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கின்றன. தெளித்த விஷம் இந்தக் கவசங்களைத் துளைத்து உட்செல்வது அரிது. ஆனால் மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகளுக்கும், ஸ்பால்ஜிஸ் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கும் கவசம் ஏது? அவை மாண்டன, பகைவன் பிழைத்தான். இவ்வாறு குடியானவன் தன் கைப்பொருளைச் செலவிட்டுத் தன் நண்பர்களையே கொன்றுகொண்டிருந்தான்.

இனி, தாய்நாட்டில் இப்பூச்சி சாதுவாயிருந்தது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். மெக்ஸிகோவில் இதையே உணவாகக் கொண்டு பிழைக்கும் சிறு குளவிகள் சில உண்டு. பூச்சி கப்பலேறியபோது அவை உடன் வரவில்லை. காவலற்ற வீட்டில் கள்வன் புகுந்த கதையாயிற்று. இதை உணர்ந்த அமெரிக்க விவசாய இலாகாவின் நிபுணர்கள் அக்குளவிகளைத் தேடிப் பிடித்து, போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து, பூச்சி பரவிய தீவுகளுக்கு அனுப்பி வந்தனர். குவாமிலும் பலாவிலும் அவை நல்ல பலனைத் தந்தன. இலங்கையில் 2009-இலேயே அவை விடப்பட்டன.

நமது நாட்டுக்கு அவை 2010-இல் வந்தன. பெங்களூரில் இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று வழங்கும் ஸ்தாபனம் மூன்று வகைக் குளவிகளை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து, அவற்றால் வேறு ஜீவராசிகளுக்குக் கேடு உண்டா என்று பரிசோதித்தது. அந்த வருஷம் அக்டோபர் மாதம் முதல் தமிழ்நாட்டு வயல்களில் அவை விடப்பட்டன. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், முளைவிட்ட உருளைக்கிழங்கின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை வளர்த்து, ஏராளமாகப் பெருக்கி ஜில்லாக்களுக்கு அனுப்பினர்.

மூன்றில் பெரும்பணி செய்தது அசிரோபேகஸ் பப்பாயே என்பது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மனிதரை அது கொட்டாது. கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. பெண்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் ஒரு முட்டையை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கிறது. பூச்சி பழுப்பு நிறமாக உலர்ந்து கூடாகிறது. கூட்டில் துளையிட்டுப் புதிய குளவி வெளிவந்து அடுத்த பூச்சியைத் தேடிப் பறக்கிறது. மாவுப்பூச்சி ஒரு தலைமுறையை முடிப்பதற்குள் குளவி தன் தலைமுறையை முடித்துவிடுகிறது. சில மாதங்களுக்குள் விட்ட இடங்களில் பூச்சி அடங்கிற்று. வெட்டிய தோட்டங்களில் மீண்டும் கன்று நட்டார்கள். இவ்வேற்பாட்டால் நாட்டுக்கு ஐந்து வருஷங்களில் கிடைத்த நன்மை குறைந்தபட்சம் 52 கோடி டாலர் பெறும் என்று 2014-இல் வெளியான ஒரு பொருளாதார ஆராய்ச்சி மதிப்பிட்டது.

இம்முறை புதிய சோதனையுமன்று. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888-இல் ஆல்பர்ட் கோபெல் என்பவர் அந்நாட்டுக்கே அனுப்பப்பட்டார். அங்கிருந்து அவர் அனுப்பிய பொறிவண்டுகள் 129. அவை பெருகி, 1889-ஆம் வருஷம் ஜூன் மாதத்துக்குள் 10,555 வண்டுகள் தோட்டக்காரர்களுக்குப் பங்கிடப்பட்டன, அத்தொழில் பிழைத்தது. அந்தக் கதையில் பின்னொரு படிப்பினையும் உண்டு. ஏறக்குறைய அறுபது வருஷங்களுக்குப் பிறகு, அதே தோட்டங்களில் டி.டி.டி. என்னும் புது மருந்தைத் தெளித்தபோது வண்டுகள் மடிந்தன. மறைந்திருந்த செதில்பூச்சி மீண்டும் தலையெடுத்தது.

ஆயினும், அந்நிய ஜீவன்களை அவசரப்பட்டு இறக்குமதி செய்வதை நாம் ஆதரிக்கவில்லை. கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் விடப்பட்ட தேரைகள் வண்டை விட்டுவிட்டு, தாமே ஒரு பெரும் பீடையாகப் பெருகின. தேரை கண்டதையெல்லாம் தின்னும். நாம் கூறும் குளவிக்கோ குறிப்பிட்ட பூச்சியன்றி ஜீவனம் இல்லை. இந்தப் பேதத்தை அறிந்து பரீட்சித்த பின்னரே எதையும் விடவேண்டும். பரீட்சையைக் குறைக்கவேண்டும் என்பது நமது வாதமன்று. அதை முன்கூட்டியே செய்து வைத்திருக்கவேண்டும் என்பதே நமது வாதம்.

ஏனெனில் 2008-க்கும் 2010-க்கும் இடையில் இரண்டு வருஷங்கள் கழிந்தன. மருந்து உலகத்தில் இல்லாமலில்லை. பசிபிக் தீவுகளில் கையாளப்பட்டு, பலனும் கண்டாயிற்று. நம் கையில் இல்லை என்பதுதான் குறை. அந்த இரண்டு வருஷ நஷ்டத்தைச் சுமந்தவர்கள் யார்? தோட்டத்தை வெட்டிய ஏழைகளே.

அனுபவம் நமக்கு அறிவு புகட்டியதா என்று பார்ப்போம். மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறொரு பூச்சி ஆப்பிரிக்காவில் பெருநாசம் விளைத்தபோது, அதற்குரிய குளவி 1981-இல் நைஜீரியாவில் விடப்பட்டு வெற்றி தந்தது. அப்பூச்சி 2008-இல் தாய்லாந்தில் காணப்பட்டது. மறு வருஷமே அந்நாட்டார் குளவியைத் தருவித்துக்கொண்டனர். ஆசியாக் கண்டத்துக்குள் அது வந்துவிட்டது என்பது அப்போதே தெரிந்த விஷயம். 2020-இல் அது கேரளத்தில் தென்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் மரவள்ளிக்கும் வந்தது. பெனின் தேசத்திலிருந்து நாம் குளவியைத் தருவித்தது 2021-இல். சேலம் ஜில்லாவில் விட்டது 2022-இல். பன்னிரண்டு வருஷ முன்னறிவிப்பு இருந்தும், பூச்சி வந்த பிறகே பரிகாரத்தைத் தேடப் புறப்பட்டோம். இதில் உழைத்த நிபுணர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். குறை அவர்களுடையதன்று, ஏற்பாட்டினுடையது.

சட்டத்தை நோக்கினும் இக்குறை புலப்படும். அந்நியப் பூச்சிகளைத் துறைமுகத்திலேயே தடுப்பதற்கு 1914-ஆம் வருஷத்திய சட்டமும், அதன்கீழ் 2003-இல் பிறந்த உத்தரவும் ஏற்பட்டன. பரவிய பூச்சியை அழிக்கும்படி நிலத்துக்குடையவனைக் கட்டாயப்படுத்த 1919-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் ஏற்பட்டது. இச்சட்டங்கள் இறக்குமதி செய்பவனுக்கும் குடியானவனுக்கும் கடமைகளை விதிக்கின்றன. பரிகாரத்தை ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்ற கடமையைச் சர்க்காருக்கு அவை விதிக்கவில்லை. இத்துறையை ஒழுங்குபடுத்த 2013-இல் பார்லிமெண்டில் கொண்டுவரப்பட்ட மசோதாவும், மறு வருஷம் சபை கலைந்தபோது காலாவதியாயிற்று.

இதை வியாபாரிகளிடம் விட்டுவிடலாகாதா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நமது பதில் இது. வியாபாரி மீண்டும் மீண்டும் விற்கக்கூடிய சரக்கையே செய்வான், அது குற்றமுமன்று. இக்குளவியோ ஒருமுறை விட்டால் தானே பெருகும். வேலி தாண்டி, காசு கொடாதவன் தோட்டத்துக்கும் போகும். அடுத்த வருஷம் வாங்க யாரும் வரமாட்டார்கள். விலைக்கு வாராத மருந்தை விற்க எந்த வியாபாரி முன்வருவான்? எவனுக்கும் லாபமில்லாமல் எல்லாருக்கும் நன்மையான காரியங்களைச் செய்வதற்கல்லவா சர்க்கார் என்று ஒன்று இருக்கிறது?

ஆகையால் நாம் வேண்டுவது மூன்று. அண்டை நாடுகளில் புகுந்து, இன்னும் நம் எல்லைக்குள் வராத பழப்பயிர்ப் பூச்சிகளின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்து, அவற்றின் இயற்கைப் பகைவர்களைப் பற்றிய பரீட்சைகளையும் அநுமதிகளையும் முன்னரே முடித்து வைக்கவேண்டும். பழம் அதிகமாக விளையும் ஜில்லாக்களில் குளவிகளையும் வண்டுகளையும் வளர்த்துக் கொடுக்கும் கூடங்களைப் பூச்சி அடங்கிய பின்னரும் மூடாமல் நடத்திவரவேண்டும். கிராமத்தில் புதுப் பூச்சியைக் கண்டவன் அதை எங்கே காட்டுவது, எத்தனை நாளில் பதில் பெறுவது என்பதைத் தமிழில் தெளிவாக விளம்பரப்படுத்தவேண்டும்.

குடியானவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து தெளிப்பது, காவலுக்கு வைத்த ஆளை நாமே அடித்துத் துரத்துவதாகும். மாவு கண்ட இலைகளை ஆரம்பத்திலேயே கிள்ளி அழியுங்கள். வேலிக் களைகளைப் பிடுங்குங்கள். பூச்சி கண்ட தோட்டத்திலிருந்து கன்றும் கூடையும் வெளியே போகவிடாதீர்கள். உலர்ந்து துளைபட்ட பழுப்புக் கூடுகளைக் கண்டால் அவற்றைத் துடைத்தெறியவேண்டாம். நண்பன் வந்துவிட்டான் என்பதற்கு அவையே அத்தாட்சி. பலன் தெரியச் சில வாரங்கள், சில மாதங்கள் ஆகும். அதுவரை கை பதறாமலிருப்பது கடினமே. ஆனால் மருந்தையே நம்பியிருந்த இரண்டு வருஷங்களில் தோட்டம் போயிற்று. குளவியை நம்பிய சில மாதங்களில் திரும்பி வந்தது. அடுத்த பூச்சி எந்தக் கப்பலில், எந்தப் பழக்கூடையில் வருமோ, யார் அறிவார்? அது வந்து இறங்குமுன் அதன் பகைவன் நம் கூடத்தில் தயாராக இருப்பானா என்பதே கேள்வி. இக்கேள்விக்குச் சட்டசபையில் விடை பெறுவது நமது பிரதிநிதிகளின் பொறுப்பு.