நாயகன் மடிவதா, மீள்வதா?

அறிவியல் புனைகதையின் நாயகன் இறுதியில் உயிர் துறப்பதா, பிழைத்து மீள்வதா என்ற கேள்விக்குத் தமிழ்த் திரையில் இரண்டு விடைகளும் உண்டு. ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) படத்தில், நீதிமன்ற ஆணையை ஏற்று, சிட்டி ரோபோ தன் உறுப்புகளைத் தானே கழற்றிக்கொள்கிறது. ‘டிக் டிக் டிக்’ (2018) நாயகனோ பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் தகர்த்துவிட்டு உயிரோடு திரும்புகிறான்.

இரண்டுக்கும் இம்மண்ணில் வேர் உண்டு. போரில் மாண்டவருக்கு நடுகல் எழுப்பும் வழக்கத்தைத் தொல்காப்பியமே பேசுகிறது. தூத்துக்குடி வட்டாரம், 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனைப் போற்றுகிறது. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, சிறையில் செக்கிழுத்து மீண்டு, 1936 வரை வாழ்ந்த வ.உ.சி.யையும் போற்றுகிறது.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது கதையின் சிக்கலே. நாயகனின் இருப்பே ஆபத்தாகும்போது தியாகம் பொருந்தும். ‘டெர்மினேட்டர் 2’ (1991) படத்தின் ரோபோ உருகிய எஃகில் இறங்குவது, தன்னுள் இருக்கும் சில்லும் அழிய வேண்டும் என்பதால்தான். அறிவால் வெல்லக்கூடிய இடர் என்றால் பிழைப்பதே நியாயம். ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ நாயகன் செவ்வாயில் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் காத்துக்கொள்கிறான். கண்ணீருக்காக மட்டும் திணிக்கப்படும் மரணம் கதையைப் பலவீனமாக்கும்; ஆபத்தின் கனத்தைக் குறைத்துத் தரப்படும் உயிர்ப்பிச்சையும் அப்படியே.