ஒரு வரி, ஓர் எண், ஓயாத சுழற்சி

2010 டிசம்பர் 30 அன்று பிஎச்பி நிரல்மொழியின் வழுப் பதிவேட்டில் 53632 என்ற எண்ணோடு ஒரு புகார் ஏறியது. வழு என்பது நிரலுக்குள் ஒளிந்திருக்கும் பிழை. பிஎச்பி திறமூல மொழி. அதன் உள்நிரலை யாரும் படிக்கலாம், குறை கண்டால் யாரும் எழுதிப் போடலாம். இந்தப் புகாரின் சாரம் மிகச் சிறியது. 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்ற எண்ணை ஒரு மாறியில் வையுங்கள், நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கூட்டல் இல்லை, வகுத்தல் இல்லை. எண்ணை வாசிக்கப் போன இடத்திலேயே கணினி மாட்டிக்கொண்டது. விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் பிஎச்பி உலகின் பெரும்பாலான இணையதளங்களுக்குப் பின்னால் ஓடும் மொழி. 'வயது' என்ற கட்டத்தில் குறும்புக்காரர் ஒருவர் இந்த எண்ணைத் தட்டியிருந்தால், அதைக் கணக்கில் எடுக்கும் வழங்கி திணறிப்போயிருக்கும்.

'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லும் புகாரால் நிரலாளருக்குப் பயனில்லை. பிழையை மீண்டும் வரவழைக்கும் மிகச் சிறிய நிரல்தான் அவருக்கு வேண்டும். இங்கே ஒரே வரியில் அது கிடைத்துவிட்டது. ஆளாளுக்குத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். புள்ளியை ஓர் இடம் நகர்த்தி 22.250738585072011 × 10⁻³⁰⁹ என்று எழுதினாலும் சுற்றியது. ஆகவே குற்றம் எழுதும் முறையில் இல்லை, மதிப்பில்தான். 32 பிட் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் மாட்டியது. 64 பிட்டில் ஒன்றும் ஆகவில்லை. சந்தேக வட்டம் செயலி வரை சுருங்கிவிட்டது.

அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? புள்ளிக்குப் பின் 307 பூஜ்யங்கள் கொண்ட எண் அது. ஒரு புரோட்டானின் எடையைக் கிலோவில் எழுதினால்கூட 26 பூஜ்யங்கள் போதும். கணினி பின்ன எண்களை வழக்கமாக 64 பிட்டில் சேமிக்கிறது. அதில் முழுத் துல்லியத்தோடு எழுதக்கூடிய மிகச் சிறிய எண் ஏறத்தாழ 2.2250738585072014 × 10⁻³⁰⁸. அதற்கும் கீழே துல்லியம் படிப்படியாகத் தேயும் ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதியின் உச்சி, அதே அடுக்கில், 2.2250738585072009. இவ்விரண்டுக்கும் நடுவே சேமிக்க வேறு எண்ணே கிடையாது. நம் எண் அந்த இடைவெளியின் நட்டநடுப் புள்ளிக்கு மயிரிழை கீழே விழுகிறது. கீழே தள்ளுவதா, மேலே ஏற்றுவதா?

இதைத் தீர்மானிக்க பிஎச்பி, டேவிட் கே எழுதிய புகழ்பெற்ற நிரலை அடியொற்றிய ஒன்றைப் பயன்படுத்தியது. அது முதலில் தோராயமாக ஓர் எண்ணை ஊகிக்கும். பிறகு பெரிய முழு எண்களை வைத்து, ஊகம் எவ்வளவு தள்ளிப்போயிற்று என்று கணக்கிட்டுத் திருத்தும். சரியாகும் வரை இதையே திரும்பச் செய்யும். இந்த எண்ணுக்கு மட்டும் 'சரியாகிவிட்டது' என்ற நிலையே வரவில்லை.

காரணம் 1980இல் வந்த இன்டெல் 8087 கணிதச் சில்லு. இடைக்கணக்குகளை 80 பிட்டில் போட்டால் விடை இன்னும் துல்லியமாக இருக்கும் என்ற நல்லெண்ணத்தில் அதை வடிவமைத்தார்கள். பைசா வரை மனக்கணக்குப் போட்டுவிட்டு, பேரேட்டில் முழு ரூபாயாக மட்டும் எழுதும் கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மனதில் உள்ள தொகையும் பேரேட்டுத் தொகையும் ஒட்டாது. 32 பிட் நிரல்கள் அந்தப் பழைய கணித அலகையே நம்பியிருந்தன. 64 பிட் நிரல்கள் புதிய அலகுக்கு மாறிவிட்டதால் தப்பித்தன.

மருந்து ஒரே சொல். திருத்தும் நிரலில் இருந்த மாறிக்கு முன்னால் 'வாலட்டைல்' என்று சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் எழுதி, அங்கிருந்தே எடு என்று, நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு இடும் கட்டளை அது. 2011 ஜனவரி 6 அன்று 5.3.5, 5.2.17 பதிப்புகள் வெளிவந்தன. புகார் வந்து ஒரே வாரம்!

சரி, வழு யாருடையது? கே தன் நிரலின் குறிப்பிலேயே, இத்தகைய செயலிகளில் துல்லியத்தை முன்கூட்டியே குறைத்து அமைக்க வேண்டும் என்று எச்சரித்திருந்தார். சில்லு தன் விதிப்படி நடந்தது. மிச்சம் இருப்பது கம்பைலர். ஜிசிசி என்ற திறமூலக் கம்பைலரின் பதிவேட்டில் இதே 80 பிட் சிக்கலைப் பற்றிய 323ஆம் புகார் 2000ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. அது வழுவே அல்ல என்று மூடினார்கள், மறுபடி திறந்தார்கள், ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அதே குறையைச் சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் அதனோடு இணைக்கப்பட்டன. இத்தனை பேர் இடறி விழும் கல்லை 'வழு அல்ல' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 2010இல் வந்த 4.5 பதிப்பில் ஜிசிசி இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு விருப்பத்தேர்வைக் கொடுத்தது.

பிஎச்பி செய்தி பரவிய சில வாரங்களில், அந்த எண்ணின் அண்டை வீட்டுக்காரர் ஜாவா நிரல்மொழியில் அகப்பட்டார். கடைசி இலக்கம் 1க்குப் பதில் 2. இது நடுப்புள்ளிக்கு மேலே விழும் எண். இங்கே 80 பிட்டுக்குப் பங்கில்லை. ஜாவாவின் திருத்தும் நிரலே எல்லையின் இருபுறமும் மாறிமாறித் தாவிக்கொண்டிருந்தது. ஓட்டும்போது மட்டுமல்ல, கம்பைல் செய்யும்போதே உறைந்தது. தேடிப் பார்த்தால் 2001இலேயே இதை ஒருவர் புகாராகக் கொடுத்திருக்கிறார்! பத்தாண்டுகள் கிடந்த குறைக்கு 2011 பிப்ரவரி 8 அன்று ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனம் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் கேட்கும்போது, பக்கத்தைப் படிக்க எந்த மொழி எவ்வளவு விருப்பம் என்று ஒரு பின்ன எண்ணையும் உலாவி அனுப்பலாம். டாம்கேட் போன்ற ஜாவா வழங்கிகள் அதை வாசித்துப் பார்க்கும். தாக்குபவர் அந்த இடத்தில் இந்த எண்ணை வைத்தாலே போதுமாக இருந்தது. எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை, கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. டாம்கேட் குழு ஆரக்கிளை மட்டும் நம்பியிராமல், தன் நிரலிலும் ஒரு தடுப்பைப் போட்டுக்கொண்டது.