தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதும் படகு இன்ஜின் மக்கர் பண்ணுவது ஏன்? புகைக்குழாய்க்குள் ஒளிந்திருக்கும் உப்பு!

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், நாகை அக்கரைப்பேட்டை என டெல்டா கடலோரம் முழுக்க விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாமல் நிற்கும். வலை சரிசெய்வது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான். இந்தப் பரபரப்பில் எளிதாக விட்டுப்போகும் பாகம் ஒன்று இருக்கிறது. இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டும், அதையடுத்து வரும் ரைசரும்தான் அது.

அது என்ன மேனிஃபோல்டு?

டீசல் எரிந்து ஒவ்வொரு சிலிண்டரில் இருந்தும் வரும் புகை பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதை ஒன்றாகச் சேர்க்கும் வார்ப்பிரும்புக் குழாய்தான் மேனிஃபோல்டு. லாரியில் ஓடும்போது காற்று பட்டு இந்தச் சூடு கொஞ்சம் ஆறும். படகின் மூடிய இன்ஜின் அறையில் அதற்கு வழியில்லை. அதனால் பல கடல் இன்ஜின்களில் இதற்கு இரட்டைச் சுவர்: உள்ளே புகை, சுவர்களுக்கு நடுவே தண்ணீர்.

ரைசர் என்பது புகையை மேலே தூக்கி, பிறகு கீழே இறக்கும் வளைவு. இறக்கத்தில்தான் கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியே தள்ளுவார்கள். அந்த மேடு இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பி இன்ஜினுக்குள்ளேயே வந்துவிடும்.

உப்பு என்ன செய்யும்?

சூடு, உப்புநீர், வார்ப்பிரும்பு மூன்றும் சேர்ந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். இதே தஞ்சை மாவட்டத்தின் சுவாமிமலையில் வார்க்கும் செப்புக் கலவைச் சிலைகள் பெரும்பாலும் உள்ளே கெட்டியானவை. களிம்பு ஏறினால் வெளியிலேயே தெரியும். மேனிஃபோல்டு அப்படியில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே சுவர் கரைந்துகொண்டே இருக்கும். மேனிஃபோல்டில் நன்னீர் சுற்றும் இன்ஜின்களிலும் ரைசருக்குப் போவது கடல்நீர்தான் என்பதால், முதலில் அடிவாங்குவது அதுதான்.

சுவர் ஓட்டையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலேறும்போது தண்ணீர் வழிமறித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கடலில் இன்ஜின் நின்றுபோன படகு நீரோட்டத்தின் போக்கில்தான் போகும். இலங்கைக் கடல் எல்லை பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் அது வெறும் ரிப்பேர் செலவோடு முடிகிற விஷயமல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது?

புகையோடு வரும் தண்ணீர் வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, ஆவியாக வந்தாலோ உள்ளே உப்பும் துருவும் அடைத்திருக்கலாம். பம்ப் இம்பெல்லர் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். முதலில் அதைப் பாருங்கள். ரைசர் இணைப்பில் துருக்கோடு வழிந்திருந்தால் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜின் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்போ தடைக்காலத்தில் என்ன செய்யணும்?

படகை நிறுத்தும் அன்றே, கடல்நீர் உறிஞ்சும் குழாயை நன்னீர் டிரம்மில் போட்டு இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, பிறகு தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். 2 மாதம் உப்புநீர் உள்ளே தேங்கினால் ஓடுகிற இன்ஜினைவிட மோசமாகத் துரு பிடிக்கும். ரைசரைக் கழற்றி நீர்வழியைச் சுரண்டிப் பார்ப்பதும் இப்போதுதான் சாத்தியம். திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட்டையே போடுவது வீண் மிச்சம்.

இன்னொரு விஷயம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால், பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியேற்றப் புகை இருக்காது. அந்தத் தண்ணீர் நிரம்பி இன்ஜினுக்குள் ஏறலாம். அந்த நேரத்தில் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் பிடித்ததும் உடனே திறக்க வேண்டும்.

தண்ணீர் கலக்காத வறண்ட புகைக்குழாய் உள்ள படகுகளில் கவலை வேறு. குழாயைச் சுற்றிய வெப்பத் தடுப்பு கிழிந்தால் பக்கத்து மரப்பலகை கருகும். எந்த வகையானாலும் இணைப்பில் புகை கசிந்தால் அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கசிவைச் சரிசெய்யும்வரை கீழே யாரையும் தூங்க விடக் கூடாது.