சுங்கை பூலோவில் உறைபனி

சுங்கை பூலோவில் உறைபனியைப் பார்க்க வேண்டுமானால் ஃப்ரீசரைத் திறந்தால் போதும். மீன் பொட்டலத்தின் மேலும் சுவரோரத்திலும் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும். வெளியே புல்தரையில் மட்டும் ஒருநாளும் காண முடியாது. குளிருக்குப் பேர்போன கேமரன் மலையிலேயே 1978 பிப்ரவரி 1ஆம் தேதி பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான் நம் மலேசிய நாட்டு வானிலை நிலையங்களின் மிகக் குறைந்த வெப்பநிலை.

பெட்டிக்குள் வளரும் பனி வெளியே ஏன் வருவதில்லை? நம் ஊர் வெப்பம் ஒரு காரணம். அந்த வெப்பம் இரவிலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் நீராவி இன்னொரு காரணம். வேடிக்கை என்னவென்றால், ஃப்ரீசரில் பனியை வளர்ப்பதும் அதே நீராவிதான்.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி வரை இருக்கலாம். மைனஸ் 18 டிகிரியில் அந்த அளவு ஒரு கிராம் சொச்சம்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் புழுக்கக் காற்று உள்ளே நுழைகிறது. மிஞ்சிய நீராவி, தண்ணீராகாமலேயே, குளிர்ந்த பரப்பில் நேரே பனிப் படிகமாகிவிடுகிறது. சரியாகச் சுற்றிவைக்காத இறைச்சியின் ஈரமும் இப்படியே வெளியேறிச் சுவரில் படிகிறது. இறைச்சி வறண்டு வெளிறிப்போகிறது.

இந்தப் பனியின் படிகங்களுக்கு இடையே காற்று அடைபட்டிருப்பதால் அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர்க்குழாய்க்குக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும்; கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். கால் அங்குலம் சேர்ந்ததும் மின்சாரத்தை நிறுத்தி உருகவிடுவது நல்லது. கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகிவிடலாம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்: தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

வெளியே புல்தரையிலேயே உறைபனி படியும் உதகமண்டலத்தில் நிலைமை வேறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் வறண்ட காற்று, மேகமற்ற வானம். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் தடையின்றி விண்ணுக்கு இழக்கிறது. ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அத்தகைய இரவுகளில் தேயிலைக் கொழுந்து கருகுகிறது. இலையின் செல்களுக்கு வெளியே உருவாகும் பனிக்கட்டி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்வதே காரணம்.

சுங்கை பூலோவில் காற்றிலுள்ள நீராவியும் மேகமும் தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை வாங்கி, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ரப்பர் தரும் பால்மரம் நம் தோட்டங்களில் செழித்ததற்கு இந்தக் கதகதப்பும் காரணம்.

1925இல் தொடங்கப்பட்டு, சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் நடத்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ரகம் ஆர்ஆர்ஐஎம் 600. உறைபனி அறியாத நாட்டில் பிறந்த அந்த ரகம், வடகிழக்கு இந்தியாவுக்கும் குளிர்காலம் கடுமையாகும் சீனாவின் யுன்னானுக்கும் போய் வேரூன்றியது. அங்கே மரம் நடுமுன் இடம் பார்ப்பது முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். ஆகவே அடிவாரத்தைவிட மலைச்சரிவுதான் பால்மரத்துக்குப் பாதுகாப்பு.